ஆறாம் வருஷத்து மேடு

தங்கை மகள் போன் செய்தபோது கடிகாரக்கா ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவர்க் கடிகாரத்துக்கு பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் விநாடியைக் கோடியாகக் கிழித்துக் கணக்கு வைத்தவள் வீட்டில் கடிகாரம் நாலு நிமிஷம் தாமதமாக ஓடுகிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிறகு மரியாதைக்காகப் பேசாமல் இருப்பார்கள்.

"பெரியம்மா, உங்க நோட்டெல்லாம் ஸ்கேன் பண்ணி முடிச்சாச்சு. ஒரே ஒரு சந்தேகம்."

"கேளு."

"மொத்தம் ஐந்நூத்தி நாப்பத்தோரு வாரம் இருக்கு. அதுல நூத்தி அறுபத்தி மூணு வாரத்துக்கு மட்டும் ரெண்டாவது திருத்தம் போட்டிருக்கீங்க. மத்த வாரத்துக்கெல்லாம் ஒண்ணுதான். எந்த வாரத்துக்கு ரெண்டாவது போடறதுன்னு எப்படி முடிவு பண்ணினீங்க? எங்க குரூப்ல ரெண்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கோம். பேட்டர்னே கிடைக்கல."

கடிகாரக்கா ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கி அதன் மேலேயே உட்கார்ந்தாள். முப்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. யாரும் கேட்க மாட்டார்கள் என்றே நினைத்திருந்தாள்.

"நாளைக்கு நேர்ல வரேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த நாட்களைச் சொல்லாமல் இந்தக் கேள்வியின் கனம் புரியாது. ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் அவளுக்கு வேலை அணுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது. அதனால்தான் கடிகாரக்கா. வேலைக்குச் சேர்ந்தபோது இருபத்தி நாலு வயசு, அப்போதே அக்கா ஆக்கிவிட்டார்கள். வானத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று ஏழு மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றி வந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஊர் அகலம், ஆனால் சூரியனை விடக் கனம். அதில் ஒன்று மட்டும் ரேடியோ அலையில் டிக் டிக்கென்று துடிக்கும். நிலையத்தில் அந்த இரண்டுக்கும் 'ஜோடி' என்று பெயர். பழைய ஈர்ப்புக் கோட்பாடு சொல்வது இதுதான்: ஜோடி சுற்றச் சுற்றச் சக்தியை ஈர்ப்பலையாக இழக்கும், நெருங்கும், சுற்று கொஞ்சம் கொஞ்சமாக முந்திக்கொண்டே போகும். பத்து வருஷத்தில் சுமார் ஐந்து விநாடி முந்த வேண்டும். அதற்குப் போட்டியாக வந்த கோட்பாடுகள், இல்லை, இன்னும் கொஞ்சம் கூடுதலாக முந்தும் என்றன. யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரே வழி, பொறுமையாக வாரம் ஒரு முறை ஜோடியைக் கவனித்து, எவ்வளவு முந்தியிருக்கிறது என்று கிராஃப் தாளில் ஒரு புள்ளி வைப்பது. பழைய கோட்பாட்டுக்கு ஒரு வளைகோடு ஏற்கெனவே வரைந்திருக்கும். புள்ளி கோட்டில் உட்கார்ந்தால் பழைய கோட்பாடு பாஸ்.

புள்ளி வைக்கிறவர் மாடியில் இருந்தார். அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கடிகாரக்காவின் தங்கையைக் கட்டிக்கொண்டவர். உடனே வேறு கணக்குப் போட்டுவிடாதீர்கள். தங்கைக்கு வரன் பார்த்ததே கடிகாரக்காதான். ஒரு நாள் மதிய சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்துப் போனாள், மனுஷன் தங்கை பரிமாறியதையும் பார்க்காமல் தன் தட்டையும் பார்க்காமல் வாயில் ஈ போவது தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மூன்றே மாதத்தில் கல்யாணம். மறுநாளிலிருந்து நிலையம் முழுக்க அவர் மாப்பிள்ளை. கேண்டீன்காரர் வரைக்கும். அவரும் பழிக்குப் பழியாக, தன்னை விட ஒரு வயசு இளையவளை 'அக்கா, அக்கா' என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டார். கேலியாக ஆரம்பித்தது அப்படியே ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேருக்கும் நிலையத் தலைவர் முதல் நாளே ஒரு கட்டளை போட்டிருந்தார். கடிகாரத்தைத் திருத்துகிறவருக்குப் புள்ளி எங்கே விழுந்தது என்று தெரியக் கூடாது. புள்ளி வைக்கிறவர் கடிகாரத்தைத் தொடக் கூடாது. ஜோடியைப் பற்றி இரண்டு பேரும் பேசவே கூடாது. முடிவு தெரிந்த கை, தெரியாமலேயே முடிவுக்கு ஏற்ற மாதிரி திருத்தும் என்பது அவர் வாதம். பதினோரு வருஷம் அந்தக் கட்டளையை இரண்டு பேரும் மீறவில்லை. தினமும் நாலு மணிக்கு மாப்பிள்ளை மாடியிலிருந்து டீ குடிக்க இறங்கி வருவார். கடிகார அறைக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். தங்கையின் பல்வலி, புதுச் செருப்பு கடிப்பது, தலைவரின் விக் எந்தக் காற்றுக்குப் பறக்கும், பக்கத்து வீட்டுக்காரர் ஏன் வாளியைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கிறார், எல்லாம் பேசுவார்கள். எதற்காகச் சம்பளம் வாங்குகிறார்களோ அதைத் தவிர. அந்த மாதிரிப் பேச்சு பிறகு யாரிடமும் வாய்க்கவில்லை என்று கடிகாரக்காவுக்கு இப்போதும் ஏக்கம் உண்டு. கட்டின புருஷனிடம் கூட அப்படி ஒன்றுமே இல்லாததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதில்லை. அவர் நல்ல மனுஷன்தான், போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது, அவரைக் குறை சொல்ல அவளுக்கு மனசில்லை.

மறுநாள் தங்கை மகளின் அலுவலகத்தில், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, கடிகாரக்கா குட்டை உடைத்தாள்.

"படிக்கட்டுல சத்தம் கேக்கும்," என்றாள்.

"என்ன சத்தம்?"

"கடிகார அறை தரைக்குக் கீழ பாதி இறங்கின அறை. சூடு குளிர் மாறக் கூடாதுன்னு அங்க வெச்சிருந்தாங்க. மாடியிலேர்ந்து இரும்புப் படி நேரா என் தலைக்கு மேலதான் வரும். இருபத்திரெண்டு படி. உங்கப்பா சில நாள் ரெண்டு ரெண்டாத் தாண்டிக் குதிச்சு வருவார், பதினோரு சத்தம் கேக்கும். சில நாள் ஒவ்வொரு படியா வருவார். இருபத்திரெண்டு. நான் எண்ணணும்னு எண்ணல. கடிகாரக்காரி காது, அது பாட்டுக்கு எண்ணும்."

தங்கை மகள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"புதன்கிழமை புள்ளி வைப்பார். நாலு மணிக்கு இறங்கி வருவார். இருபத்திரெண்டு கேட்டா, புள்ளி கோட்டுல உக்காரலன்னு எனக்குத் தெரிஞ்சுடும். அப்ப நான் நோட்டை எடுத்து அந்த வாரத்தைத் திருப்பித் தேடுவேன். ஏசி ஒரு மணி நேரம் நின்னிருக்கும். யாராச்சும் கதவைத் திறந்து வெச்சிருப்பாங்க. கரண்ட் வந்து போயிருக்கும். எல்லாம் நோட்டுல எழுதியிருப்பேன். அதுக்கெல்லாம் கணக்குப் போட்டு வியாழக்கிழமை ரெண்டாவது திருத்தத் தாளை மாடிக்கு அனுப்புவேன், அவர் புள்ளியை நகத்தி வைப்பார். ஒரு திருத்தம் கூடப் பொய் இல்ல, கண்ணு. ஏசி நெஜமாவே நின்னுச்சு."

"ஆனா அப்பா குதிச்சு வந்த வாரத்துல?"

"தேட மாட்டேன்."

"அந்த வாரத்துலயும் ஏசி நின்னிருக்கும்."

"நின்னிருக்கும்."

அவ்வளவுதான் தப்பு. வெளியே சொன்னால் இது ஒரு குற்றமா என்று சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். மாணவர்கள் எழுதிய தாளில் தோற்றவர்களின் தாளை மட்டும் மறுபடி திருத்துகிற வாத்தியார் ஒரு மார்க்கைக் கூடப் பொய்யாகப் போட வேண்டாம், வகுப்பின் சராசரி தானாகப் பொய்யாகிவிடும். கடிகாரக்காவுக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும் செய்தாள். அந்த மனுஷன் ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்குவதை அவளால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. இரண்டாவது தாள் போன பிறகு பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பதினோரு சத்தம்தான் கேட்கும். அவளுக்கு மனசு நிறைந்துவிடும்.

தங்கை மகளின் குழு, பிற்பாடு வேறு நிலையங்கள் வைத்த புள்ளிகளையும் சேர்த்து, முப்பத்தி நாலு வருஷத்தை ஒரே கோட்டில் வைத்து, போட்டிக் கோட்பாடுகளில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்றைச் சோதிக்கப் பார்த்தது. ஜோடி இப்போது கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் முந்தியிருக்கிறது. நாள் நீள நீளத்தான் சோதனைக்கு வலு. அந்த முதல் பதினோரு வருஷம் இல்லாவிட்டால் பாதி பலம் போய்விடும்.

"ரெண்டு வழி இருக்கு பெரியம்மா. அந்தப் பதினோரு வருஷத்தையும் தூக்கிப் போடலாம். இல்லன்னா எல்லா வாரத்துக்கும் ஒரே மாதிரி, ஒண்ணு விடாம, மறுபடி திருத்தம் போடலாம். உங்க நோட்டுல இருக்கிற குறியெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் புரியும். ஆனா ஏன் மறுபடி போட்டோம்னு ஆராய்ச்சிப் பேப்பர்ல எழுதியாகணும். அப்பா படிப்பார்."

"மேடு என்ன ஆகும்?"

"நிக்கும்னு தோணல, பெரியம்மா."

அந்த மேடுதான் மாப்பிள்ளையின் சொத்து. ஆறாம் வருஷத்தில் எட்டு மாதம் புள்ளிகள் வளைகோட்டை விட்டு மேலே ஏறின. பெரிதாக ஒன்றுமில்லை, விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. பிறகு இறங்கிவிட்டன. கட்டுரையில் 'காரணம் தெரியவில்லை' என்று அடிக்குறிப்பு போட்டார்கள். உலகம் அதை மறந்துவிட்டது. மாப்பிள்ளை மறக்கவில்லை. பழைய கோட்பாட்டுக்கு அப்பால் ஏதோ ஒன்று அந்த எட்டு மாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்று ஓய்வு பெற்ற பிறகும் யார் கிடைத்தாலும் சொல்வார். கருந்துளைகள் மோதுவதைப் பார்த்தவர்கள், அங்கேயும் பழைய கோட்பாடு அப்படியே நிற்கிறது என்று அறிவித்தபோது கூட அவர் அசரவில்லை. "கருந்துளையில பொருளே கிடையாதுப்பா, வெறும் ஈர்ப்புதான். நியூட்ரான் விண்மீன்ல அசல் பொருள் இருக்கு. இருக்குன்னா அங்கதான் இருக்கும்," என்பார். கோட்பாட்டுக்காரர்களே ஒப்புக்கொள்கிற நியாயம் அது. அந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷமாக நிற்கிறார். அவருடைய வீட்டு ஹாலில் கல்யாணப் போட்டோவை விடப் பெரிய சட்டத்தில் அந்த ஆறாம் வருஷத்துக் கிராஃப் தாள் மாட்டியிருக்கிறது. தங்கைக்கு அதில் தீராத மனக்குறை.

"அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே போய்ச் சொல்றேன்," என்றாள் கடிகாரக்கா. சொல்லிவிட்டாளே தவிர மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கணவர் போன பிறகு அவளுக்கென்று மிச்சமிருக்கிற மனுஷர் அவர். மேடு போனால் அவர் எப்படி இருப்பார் என்பது ஒரு பயம். அதற்கு அவள்தான் காரணம் என்று தெரிந்த பிறகு தன் முகத்தில் விழிப்பாரா என்பது இன்னொரு பயம். இரண்டாவதுதான் பெரிய பயம் என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் போனாள். தங்கை கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு ஹாலில் இருந்தார்.

"வாங்கக்கா. என்ன, முகம் வாடிக் கிடக்கு?"

கடிகாரக்கா சுற்றி வளைக்கவில்லை. படிக்கட்டு, எண்ணிக்கை, புதன்கிழமை, இரண்டாவது தாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

மாப்பிள்ளை தைல பாட்டிலை மூடினார். "நான் மெதுவா இறங்கினா, புள்ளி கோட்டை விட்டு விலகிடுச்சுன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"குதிச்சு வந்தா கோட்டுல உக்காந்துடுச்சுன்னு?"

"ஆமா மாப்பிள்ளை."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை எழுந்து வந்து கதவில் நின்றாள்.

"அக்கா, அக்கா! கோட்டுல உக்காந்த புள்ளியப் பாத்து எவனாச்சும் குதிப்பானா? நான் அந்தக் கோட்டை உடைக்கத்தானே அங்க சேந்தேன்! எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. கோட்பாடு சரின்னு ஐந்நூறு தடவை சொல்றதுக்கா ஒருத்தன் அந்த மாடியில போய் உக்காருவான்? புள்ளி கோட்டுல சமத்தா உக்காந்தா எனக்கு உயிரே போயிடும். இன்னிக்கும் ஒண்ணுமில்லன்னு ஒவ்வொரு படியா இறங்குவேன். மேல விலகினா, ஆகா, இது அதுதான்னு குதிப்பேன்."

கடிகாரக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு வருஷமும் அவள் தலைகீழாகக் கேட்டிருக்கிறாள். அவர் சோர்ந்து இறங்கிய வாரங்களில் புள்ளி கோட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருந்திருக்கிறது. அதைத்தான் அவள் தேடித் தேடித் திருத்தி நகர்த்தியிருக்கிறாள். மேலே நகர்ந்தால் அவர் குதித்திருக்கிறார், அவள் திருப்தியாக நோட்டை மூடியிருக்கிறாள். நகராவிட்டால் இன்னொரு கதவு, இன்னொரு ஏசி என்று விளக்கெண்ணெய் விட்ட கண்ணோடு தேடியிருக்கிறாள். ஒரே ஒரு நாள் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கக் கூடாது என்பதுதான் கட்டளை.

சிரிப்பு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் கண் சுவரில் இருந்த சட்டத்துக்குப் போனது.

"ஆறாம் வருஷம்," என்றார். "ஆறாம் வருஷம் நான் எப்படி இறங்கினேன்?"

"பெரும்பாலும் ஒவ்வொரு படியா. என்னன்னு தெரியல, அந்த வருஷம் எப்பவுமே அப்படித்தான். எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அதனால நெறைய தேடினேன்."

"அந்த வருஷம்தானே பாப்பா பொறந்தா," என்றாள் கதவில் நின்ற தங்கை. "எட்டு மாசம் தூங்கினாரா மனுஷன்? அழற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டே திரிவார். ஆபீசுக்குத் தூங்கிக்கிட்டே போவார்."

புள்ளி எங்கே விழுந்தாலும் அந்த எட்டு மாதம் அவர் தூக்கக் கலக்கத்தில்தான் மெல்ல இறங்கியிருக்கிறார், அவள் வாரா வாரம் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறாள், அதுதான் மேடு. தங்கைக்கே தான் ஏதோ குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று தோன்றியிருக்க வேண்டும், "டீ போடட்டுமா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடிகாரக்கா டீ குடிக்காமல் வந்துவிட்டாள்.

பிறகு ஒன்பது வாரம் அவரிடமிருந்து பேச்சில்லை. தினமும் காலையில் ஒரு முறை போன் செய்து, 'கடிகாரம் இன்னும் நாலு நிமிஷம் லேட்டா?' என்று எதையாவது கேட்கிற மனுஷர். போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினாள், காஸ் சிலிண்டர்காரரும் வங்கியும்தான் பேசினார்கள். தங்கையிடம் கேட்டால், "சாப்பிடறார், தூங்கறார், அந்தப் படத்தைப் பாக்கறார். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறார்," என்றாள்.

கடிகாரக்கா வேலையில் இறங்கினாள். தங்கை மகளின் அலுவலகத்தில் ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். பழைய நோட்டுகள் இருபத்தேழு. ஒவ்வொரு பக்கத்திலும் தன் இளம் வயசுக் கையெழுத்து. 'கதவு 12 நிமிடம். ஏசி மெக்கானிக், வெறும் வாய்ப்பேச்சு.' 'கரண்ட் வந்து போனது, இரு முறை.' 'மாப்பிள்ளை டீயைக் கொட்டினார், துடைக்கத் துணி தேடிக் கதவு 4 நிமிடம்.' ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரே கணக்கு, ஒரே விதி. ஐந்நூற்று நாற்பத்தோரு வாரமும். எது நல்ல வாரம் எது கெட்ட வாரம் என்று பார்க்கக் கூடாதென்று தங்கை மகள் தேதிகளை மறைத்துக் கலைத்துக் கொடுத்தாள். ஆனால் நோட்டைத் திறந்தால் எந்த வருஷம் என்று கடிகாரக்காவுக்குத் தெரியாமல் போகுமா? கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்திருந்தது, பெஞ்சின் ஒரு கால் குட்டையாக இருந்து ஆடியது, கடிகாரப் பதிவுத் தாள் சுருள் வராந்தா முழுக்க நீண்டு கிடந்தது, எல்லாம் கண்முன் வந்தது. சில பக்கங்களில் கண் நிறைந்து எண்கள் தெரியாமல் போகும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்குப் போவாள். இந்த முறை எந்தச் சத்தத்தையும் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் லிப்ட்தான்.

பத்தாவது வாரம் ஒரு காலையில் தங்கை மகள், "இன்னிக்குத் திறக்கறோம்," என்றாள். திறப்பதென்றால் மறைத்து வைத்திருந்த தேதிகளைச் சேர்த்து, புள்ளிகளை வளைகோட்டோடு திரையில் போடுவது. அப்பாவுக்குச் சொல்லியாகிவிட்டது, வருவாரா என்று தெரியாது என்றாள்.

வந்தார். கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்து, கடிகாரக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். மகள் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

முப்பத்தி நாலு வருஷமும் ஒரே படத்தில் வந்தது. முதல் பதினோரு வருஷத்துப் புள்ளிகள் மற்ற வருஷங்களோடு வித்தியாசம் தெரியாமல், வளைகோட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆறாம் வருஷத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திரைக்கு அருகே போய், அந்த எட்டு மாதத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா உக்காந்திருக்கு," என்றார்.

மகள் தயங்கித் தயங்கித்தான் மீதியைச் சொன்னாள். மிஞ்சியிருந்த போட்டிக் கோட்பாட்டுக்கு இனி இடமில்லை. அதை வெளியே தள்ளியதே இந்தப் பதினோரு வருஷப் புள்ளிகள்தான். அவர் மனசுக்குப் பிடித்த கோட்பாடு அது, அவருடைய கையாலேயே முடிந்துபோனது. "நீங்க வெச்ச புள்ளிப்பா," என்றாள், ஆறுதலாகச் சொல்கிறோமா குத்திச் சொல்கிறோமா என்று அவளுக்கே தெரியாமல்.

மாப்பிள்ளை வராந்தாவுக்கு வந்தார். கடிகாரக்காவும் பின்னாலேயே வந்தாள். ஒன்பது வாரமாக ஒத்திகை பார்த்த மன்னிப்பு நாக்கு நுனியில் இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"அந்த வருஷம் நான் வேலையை விடறதா இருந்தேன், தெரியுமா உங்களுக்கு?"

"எந்த வருஷம்?"

"ஆறாம் வருஷம்தான். குழந்தை பொறந்தாச்சு. அஞ்சு வருஷமா ஒரு புள்ளி கூட விலகி நிலைக்கல. காலேஜ்ல வாத்தியார் வேலை, வீடு குடுக்கறேன்னாங்க. ராஜினாமா எழுதி டிராயர்ல வெச்சிருந்தேன். திங்கக்கிழமை குடுக்கலாம்னு இருந்தேன். அந்த வாரம்தான் புள்ளி மேல ஏற ஆரம்பிச்சுச்சு. கடுதாசியைக் கிழிச்சுட்டேன்."

கடிகாரக்கா சுவரில் கை வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மாப்பிள்ளை! தினம் நாலு மணிக்கு உக்காந்து பேசினோமே! வாளிக் கயிறு வரைக்கும் பேசினோமே!"

"எப்படிச் சொல்றது? ஏன் போறீங்கன்னு கேப்பீங்க. புள்ளியெல்லாம் கோட்டுலயே உக்காந்திருக்குன்னு சொல்லணும். சொல்லக் கூடாதுல்ல?" கைத்தடியைத் தரையில் ஒரு முறை தட்டினார். "இந்த ஒன்பது வாரமா உங்க மேல ஆத்திரமாத்தான் இருந்தேன்கா. மறைக்கல. முப்பது வருஷம் ஒரு பொய்யைச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருந்தேனேன்னு. அப்புறம் எண்ணிப் பாத்தேன். மேடு வரலன்னா நான் ஆறாம் வருஷத்தோட போயிருப்பேன். எனக்கு அப்புறம் அந்த மாடிக்கு வர ஆள் கிடையாது, தலைவர் மூடியிருப்பார். மீதி அஞ்சு வருஷப் புள்ளி இருந்திருக்காது. இன்னிக்கு உள்ள திரையில பாத்தது இருந்திருக்காது. நாலு மணி டீயும் இருந்திருக்காது."

"நான் அந்த நட்சத்திரத்துக்காகச் செய்யல," என்றாள் அவள். "அது எப்படிச் சுத்தினா எனக்கென்ன? நீங்க சோர்ந்து போகக் கூடாதுன்னுதான்..."

"தெரியுது. இப்பத்தான் தெரியுது. என் வாழ்க்கையிலேயே சந்தோஷமா இருந்த அஞ்சு வருஷம் அது. முழுக்க உங்க தப்பு."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பை அவள் கடைசி வரை கேட்கவில்லை. அழுகைதான் வந்தது, அந்த வராந்தாவில், போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, ஜோடி எவ்வளவு முந்தியிருக்கிறது, எந்த வருஷம் எந்தப் புள்ளி எங்கே விழுந்தது, எதைப் பார்த்து எப்படியெல்லாம் ஏமாந்தேன் என்று, பதினோரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் முதல் வாரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.